காற்று வைத்திருந்த பாதி முகம்

என் கணவர் தாணுலிங்கத்தின் முகத்தில் இடப்பாதி, ஓர் ஆனி மாதம் இரண்டாம் தேதி காலை ஆறே முக்கால் மணிக்குக் காற்றின் வசமாயிற்று. புரட்டாசி மாதத்தின் கடைசி நாள் வரையில் அது அவளிடமே இருந்தது. அவள் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. எங்கள் மேலக்கணவாயில் காற்றை அது என்று சொல்லிப் பழக்கமில்லை. மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்ட இடத்துக்கு நேர் கிழக்கே ஊர் இருப்பதால், மேற்கே கடலில் பிறக்கும் காற்று வேறெங்கும் திரும்ப வழியின்றி அந்தப் பிளவுக்குள் ஒடுங்கி, ஒடுங்கியதனாலேயே மூர்க்கம் கொண்டு, ஆனி பிறந்த அன்று எங்கள் தெருவுக்குள் நுழைவாள். நுழைந்தவள் நான்கு மாதம் எல்லார் வீட்டிலும் தங்கி, துணிக்கொடியை உலுக்கி, சோற்றில் மண் தூவி, குலை தள்ளிய வாழையை ஒடித்து, சாரலைக் கையோடு இழுத்து வந்து, புரட்டாசி முடிவில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள்.

அப்படி வருகிறவளை அழைப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. வைகாசி முழுவதும் சாத்தியே கிடக்கும் மேற்கு ஜன்னலை, ஆனி முதல் தேதியன்று அந்த வீட்டு ஆண் குளித்துவிட்டு வந்து திறக்க வேண்டும். ஜன்னல் திண்டில் வாழையிலைத் துண்டு விரித்து, அதில் ஒரு பிடி பச்சரிசியும் இரண்டு கண்ணாடி வளையலும் ஒரு மஞ்சள் கயிறும் வைத்து, "தங்கச்சி, வந்தியா? வீட்டுக்கு வா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவளாய் அழைக்கப்பட்டவள் உடன்பிறந்தானை முகத்தில் அறையமாட்டாள் என்பது நம்பிக்கை. சீராக வேறு எதை வைத்தாலும் குற்றமில்லை. பூ மட்டும் வைக்கலாகாது. வளையலும் புடவையும் அண்ணன் வாங்கித் தரலாம், தம்பி வாங்கித் தரலாம். ஒரு பெண்ணின் தலைக்குப் பூ வாங்கித் தருகிற ஆண் எங்கள் ஊரில் கணவன் ஒருவன்தான்.

என் கணவருக்கு உடன்பிறந்தாள் இல்லை. எங்கள் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை அவர் போட்டபின், நாத்தனார் போட வேண்டிய மற்ற இரண்டு முடிச்சுகளுக்கும் ஆள் இல்லாமல், பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தியைக் கையைக் கழுவச் சொல்லி இழுத்து வந்தார்கள். சாம்பார் வாளியைக் கீழே வைத்த கையோடு அவள் போட்ட முடிச்சுகள் அவை. அதனால்தானோ என்னவோ, ஆனி முதல் தேதியன்று "தங்கச்சி" என்று அவர் அழைக்கையில், மற்ற வீடுகளில் சடங்காக ஒலிக்கும் அந்தச் சொல் அவர் வாயில் ஏக்கமாக ஒலிக்கும். அந்த ஏக்கத்தைக் கேட்டும் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஏனெனில் பொறாமை எனக்குக் கண்ணைப்போல, காதைப்போல, உடம்போடு பிறந்த ஓர் உறுப்பு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் பார்க்க இருந்தது அவர் முகம் ஒன்றே. அவரோ தோவாளைப் பூச்சந்தை வழியாக வடசேரிக்குப் போகிற மினி பஸ்ஸில் கண்டக்டர். விடியற்காலையில் பூக்கூடையோடு ஏறும் பெண்கள், ஓலை வட்டியில் மீனோடு ஏறும் பெண்கள், கல்லூரிப் பையோடு ஏறும் பெண்கள் யாவருக்கும் டிக்கெட்டோடு ஒரு சிரிப்பையும் கிழித்துக் கொடுப்பார். இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் விழுந்தவர்கள் யார் யார் என்று பதினாறு ஆண்டுகளாக நான் மனத்துக்குள் பெயர் வைத்து, ஊர் வைத்து, புடவை நிறம் வைத்து அடுக்கியிருந்தேன். அந்த அடுக்கின் உச்சியில் இருந்தவள் தோவாளையில் பூ விற்கும் ரோஸ்லெட்.

அந்த ஆனி முதல் தேதியன்று, காலை பஸ் நடையை முடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, ஜன்னலைத் திறந்து, தங்கச்சியை அழைத்துவிட்டு, அவர் வாழைநாரில் கட்டிய பிச்சிப்பூச் சரம் ஒன்றை என்னிடம் நீட்டினார். அதற்குச் சற்று முன்னர்தான் அடுத்த வீட்டுக் கோலம்மை மைனி வந்து, ரோஸ்லெட் இவருக்கு மட்டும் பூவை ஒரு முழம் கூட்டி அளந்ததையும், அளக்கையில் இருவரும் சிரித்ததையும் என் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"யாருக்குக் கட்டின பூவு இது?" என்றேன்.

"ஒனக்குத்தாம்ட்டி. வேற யாருக்கு?"

"அவ தலையில வச்சுப் பாத்துட்டுத் தந்தாளா, இல்ல நீங்க வச்சுப் பாத்தியளா?"

அவர் சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. அந்தக் குழியைக் கண்டதும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. சரத்தைப் பிடுங்கித் திறந்திருந்த மேற்கு ஜன்னல் வழியே வீசி எறிந்தேன். எறிந்த பூ கீழே விழவில்லை. முற்றத்தில் விழவில்லை, முருங்கையில் மாட்டவில்லை, கூரையில் சிக்கவில்லை. அவர் கொல்லைப்பக்கம் போனபின் நான் வெளியே ஓடித் தேடினேன். ஓர் இதழ்கூட இல்லை. மலையடிவாரத்தில் வைகாசி முழுவதும் அசையாமல் நின்ற காற்றாலைகள் அனைத்தும் ஒரே சமயத்தில் சுழலத் தொடங்கியதைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பஸ் கணவாய்க்குள் நுழைகையில் அவர் வழக்கம்போலப் படியில் நின்று விசிலை வாயில் வைத்தார். ஊதினார். சத்தம் வரவில்லை, உதட்டின் இடது ஓரத்தால் மூச்சு ஒழுகிப் போயிற்று. டிரைவர் சுயம்பு திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, மொகத்த ஏன் இப்பிடிக் கோணுதீரு? யாருக்குப் பழிப்புக் காட்டுதீரு?" என்று கேட்டான். அவர் யாருக்கும் பழிப்புக் காட்டவில்லை. வலப்பாதி திகைத்தது, இடப்பாதி திகைக்கவில்லை. வலக்கண் இமைத்தது, இடக்கண் இமைக்கவில்லை. நெற்றிச் சுருக்கம் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொள்ள, கன்னத்துக் குழி இருந்த இடம் துடைத்த சிலேட்டுப் பலகைபோல வெறுமையாகக் கிடந்தது.

நாகர்கோவிலில் பெரியாசுபத்திரியில் ஒரு டாக்டரம்மா அவரைப் பல் காட்டச் சொன்னாள், கண்ணை இறுக்கச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள். பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாள். முகத்தை ஆட்டுவிக்கிற நரம்பு, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓர் ஒடுங்கிய வழியாகத்தான் வெளியே வருகிறதாம். நரம்பு வீங்கினால் அந்த வழிக்குள்ளேயே நசுங்கி, முகம் பேச்சுக் கேட்காமல் போய்விடுமாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கணவாய் நினைவுக்கு வந்தது.

"காத்து அடிச்சதுனாலயா டாக்டர்?" என்று அவர் குழறலாகக் கேட்டார்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. குளிர்ந்த காத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா ஆனி ஆடியில உங்க பக்கத்துலருந்து ஆள் வர்றது எனக்குத் தெரியும்" என்றாள். மாத்திரை எழுதினாள். கண்ணுக்கு மருந்து எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, முக்கியமான வேலை உங்களுக்குத்தான். அந்தக் கண்ணு தானா மூடாது. தூங்கும்போது நீங்கதான் மெதுவா மூடி, மேல டேப் ஒட்டணும். தூசி விழுந்தா கண்ணு போயிரும். பலூன் ஊதச் சொல்லுங்க, கண்ணாடி முன்னால உக்காத்தி ஆ, ஈ, ஊ சொல்லச் சொல்லுங்க. பெரும்பாலும் மூணு நாலு மாசத்துல சரியாயிரும். அதுக்குமேல நின்னுட்டா முழுசா திரும்புறது கஷ்டம்" என்றாள்.

ஐந்து நாள் நான் அப்படியே செய்தேன். ஆறாம் நாள் பிற்பகல், அவர் கண்ணாடி முன் அமர்ந்து "ஈ" என்று சொல்லிக்கொண்டிருக்கையில், மேற்கு ஜன்னல் வழியே காற்று உள்ளே வந்தாள். வந்தவளோடு பிச்சிப்பூ வாசம் வந்தது. என் தலையில் பூ இல்லை. வீட்டிலும் பூ இல்லை. வாசம் நேராக அவரை நோக்கிப் போயிற்று. போனதும், ஐந்து நாளாக மரம்போலக் கிடந்த இடக்கன்னம் அசைந்தது, சிவந்தது, அந்தக் குழி விழுந்தது. வலப்பாதி ஒன்றும் அறியாமல் "ஈ" என்று சொல்லிக்கொண்டிருக்க, இடப்பாதி தனியாகச் சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அவர் வாங்கிய பூ, அவர் வீட்டு ஜன்னல் வழியாக, ஆனி முதல் தேதியன்று அவளுக்குப் போயிருக்கிறது. தங்கச்சி என்று அழைத்த வாய் மூடும் முன்னரே பூவும் வந்தால் ஒரு பெண் எதை நம்புவாள்? பூவைத்தான் நம்புவாள். நானும் பூவைத்தான் நம்பியிருப்பேன். என் கையால் எறிந்த பூவினால் நானே எனக்குச் சக்களத்தி தேடிக்கொண்டேன். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆனால் சக்களத்தி வந்த செய்தி சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தெருவில் நடந்தால் அவர் பக்கத்துப் புழுதி மட்டும் எழுந்து கூடவே நடந்தது. பஸ்ஸில் அவர் விசிலை வாயில் வைத்தால் போதும். ஊத வேண்டியதில்லை, அவளே ஊதினாள், முன்பைவிட உரக்கவும் இனிமையாகவும். சுயம்பு ஒரு வாரம் வண்டியின் இடப்பக்க ஜன்னலோர இருக்கையைப் பார்த்துப் பார்த்து ஓட்டிவிட்டுப் பிறகு, "மைனி வாறா" என்று, அண்ணன் மனைவியைச் சொல்வதுபோலச் சொல்லி, அந்த இருக்கையில் யாரையும் அமரவிடவில்லை. ஆடி மாதக் கோயில் கொடையில் அம்மன் மஞ்சளைப் பூசாரி அவருக்கு இரண்டு பங்காக மடித்துக் கொடுத்தார். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. கீழத்தெருக் கல்யாண அழைப்பிதழில் "தாணுலிங்கம் அவர்கள், இரு துணைவியருடன்" என்று மை பேனாவால் அழகாக எழுதிக் கொடுத்தார்கள். இதில் கேலி ஏதும் இல்லை என்பதுதான் என்னை எரித்தது. ஊர் என்பது அப்படித்தான். மூன்று நாள் வாயைப் பிளக்கும், நான்காம் நாள் வந்தவளுக்கும் இலை போடும்.

காற்றாலையில் சூப்பர்வைசராக இருந்த வெளியூர்க்காரர் ஒருவர், என் கணவர் மேற்கே நடக்கிற நாட்களில் இறக்கைகள் இரட்டை வேகத்தில் சுற்றுவதைக் கவனித்து, அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி தினமும் சாயங்காலம் ஒரு நடை அந்தப் பக்கம் வந்துட்டுப் போனா நல்லாருக்கும் மேடம்" என்றார். அல்வாவை அவர் முன்னாலேயே கோழிக்குப் போட்டேன்.

கோலம்மை மைனி ஆறுதல் சொல்ல வந்தாள்.

"சும்மா கெடந்து புழுங்காதட்டி வடிவு. எவளாம் ஒருத்தி வந்திருந்தா அவளுக்குப் பொங்கிப் போடணும், நல்ல சேலை எடுக்கணும், கொமட்டுக் கன்னத்துல ரெண்டு இடிக்கணும். இவ தின்னுகாளா, உடுக்காளா? துணிய வேற ஒணத்தித் தாறா. இப்பிடி ஒரு சக்களத்தி எனக்கு வாச்சிருந்தா நான் கோயிலுக்கு வெளக்கு நேந்திருப்பேன்."

"வேணும்ன்னா ஒம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவும்."

"எங்க வீட்டு மனுசன் மொகத்தையா? அத முழுசாத் தந்தாலும் அவ வாங்கமாட்டா பிள்ளே."

ரோஸ்லெட்டும் ஒருநாள் வந்தாள். பூக்கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, கண் கலங்க நின்றாள். "அக்கா, நீங்க என்னைய நெனச்சுட்டு இருந்தது எனக்குத் தெரியும். சத்தியமாச் சொல்லுகேன், அவரு எனக்குன்னு சிரிச்சதே இல்ல. எல்லாருக்கும் தாற சிரிப்புதான். ஒரு முழம் கூட்டிக் கேட்டதுகூட, 'எங்க வீட்டுக்காரி கோவக்காரி, தாராளமா அள'ன்னுதான்." நான் அவளை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். பதினாறு ஆண்டுகள் நான் அடுக்கிய அடுக்கு, அந்த ஒரு தம்ளர் காப்பியில் சரிந்து கரைந்தது. மனிதப் பெண்கள் மேல் எனக்கு இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் தீர்ந்தது அத்தனையும் ஒன்றுதிரண்டு காற்று ஒருத்தியின் மேல் விழுந்தது. மற்றவர்களையாவது முகத்தைப் பார்த்துச் சபிக்கலாம், மூக்கு சப்பை என்று தேற்றிக்கொள்ளலாம். இவளுக்கு முகமே இல்லை. இவளுக்கு இருந்த முகம் என் கணவருடைய பாதி முகம்; அதைச் சபிக்க எனக்கு நா எழவில்லை.

ஆகவே அவரை மூடினேன். தலையைச் சுற்றித் துண்டு கட்டி அனுப்பினேன். பஸ் கணவாய்க்குள் நுழையுமுன் துண்டு பறந்து காற்றாலை இறக்கையில் மாட்டிக்கொண்டு சுற்றியது. பலூன் வாங்கி ஊதச் சொன்னேன். அவள் ஆசையாய் ஊதிப் பெரிதாக்கி வெடிக்கவைத்தாள். கண்ணுக்கு மருந்து விடுவதையும், மூடி டேப் ஒட்டுவதையும் நான் நிறுத்திவிட்டேன். இதை எழுத எனக்குக் கூசுகிறது, எனினும் எழுதுகிறேன். அவளுக்குச் சொந்தமான பாதியை நான் ஏன் பேண வேண்டும் என்று என் மனம் என்னைக் கேட்டது. எனக்கு உரிய வலப்பாதியை மட்டும் பார்க்கும்படி, சாப்பாட்டு வேளையில் அவருக்கு வலப்பக்கமாக அமர்ந்துகொள்வேன். இடக் கடைவாயில் வழியும் குழம்பைத் துடைக்கவும் மாட்டேன். அவர் தாமே துடைத்துக்கொள்வார்.

ஆவணி முதல் வாரத்தில், கொத்தனாரை அழைக்காமல், நானே சிமெண்டு குழைத்து மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன்.

அடைத்த அன்று முதல் ஊர் வெந்தது. எங்கள் வீட்டுக்குள் நுழைய முடியாதவள் வேறெந்த வீட்டுக்கும் போக மறுத்து, எங்கள் மேற்குச் சுவருக்கு வெளியே ஒரே இடத்தில் நின்றாள். துணி காயவில்லை; சாரல் மலையோடு நின்றது; காற்றாலைகள் கையை விரித்தபடி அசையாமல் நின்றன. சூப்பர்வைசர் அல்வா இல்லாமல் வந்து கும்பிட்டார். தெருவில் என்னைக் கண்டவர்கள் விசிறிக்கொண்டே ஏசினார்கள். "ஒன் குடும்பச் சண்டையில ஊர ஏம்ட்டி அவிக்க? ரெண்டு பொம்பள ஒரு வீட்டுல இருந்ததே இல்லையா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "பாவம், அந்தச் சின்னவ செவத்துக்கு வெளிய நின்னு அழுகா, எனக்குக் கேக்கு" என்றாள். அழுகை எனக்கும் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

வெயில் உச்சியில் நின்ற ஒரு பிற்பகலில், நடைகளுக்கு இடைவேளையில் அவர் வெறுந்தரையில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். இடக்கண் திறந்தபடி கிடந்தது. சிவந்து, வறண்டு, கோவைப்பழம்போல. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கட்டிய செங்கற் சுவரில் ஒரு மூலையில் சிமெண்டு உதிர்ந்து, விரல் நுழையாத சிறு துவாரம் ஒன்று விழுந்திருந்தது. அதன் வழியே அவள் வந்தாள். வந்தது தெரியாமல் வந்தாள். கணவாயை உடைத்துக்கொண்டு வருகிறவள், வாழைத்தோட்டங்களைப் படுக்க வைக்கிறவள், அன்று ஊதுவத்திப் புகைபோல நூலாய் வந்து, அவர் இடக்கண்ணின் மேல் இமையைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, கீழே இறக்கி மூடினாள். மூடிவிட்டுப் போகவில்லை. இமை மீண்டும் திறந்துகொள்ளாதபடி அதன் மேலேயே இருந்தாள். மூன்று மணிக்கு அவர் எழும் வரையில் அப்படியே இருந்தாள்.

டாக்டரம்மா எனக்குக் கொடுத்த வேலை அது.

என் வாழ்நாளில் நான் பட்ட பொறாமைகள் எல்லாம் அந்தப் பிற்பகலின் பொறாமைக்கு முன் விளையாட்டு. அழகைக் கண்டு பொறாமைப்படலாம், இளமையைக் கண்டு பொறாமைப்படலாம். நான் செய்யத் தவறியதை இன்னொருத்தி பழுதறச் செய்வதைக் கண்டு வருகிற பொறாமைக்குக் கூச்சலிட வாய் இல்லை. அவர் எழுந்ததும் எதிரில் அமர்ந்து, அன்று நான் எறிந்த பூ அவளிடம் போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றார், பாதி வாயால்.

"எப்பிடி?"

"கொல்லையிலருந்து பாத்தேன். நீ முருங்க மூட்டுல குனிஞ்சு தேடினதையும், வெறுங்கையோட திரும்பினதையும் பாத்தேன்."

"அப்போ ஊருல கேட்டப்ப, படியில நின்னு மேக்கால பாத்துச் சிரிச்சேன், எம் மேலதான் தப்புன்னு சொன்னியளே?"

"பின்ன? பூவ நீ எறிஞ்சன்னு சொன்னா ஒன்னையல்லா ஏசுவாவ."

நான் அழுதேன். பிறகு எழுந்து கைகழுவி, அவர் கண்ணுக்கு மருந்து விட்டேன். அன்று முதல் ஒருநாளும் தவறவில்லை. இமையை மூடி டேப் ஒட்டும்போது சில வேளை என் விரலுக்கு முன்பே அவள் அங்கே இருப்பாள். நான் கையை எடுக்கமாட்டேன், அவளும் எடுக்கமாட்டாள்.

புரட்டாசி பாதி கழிந்ததும் எனக்கு அச்சம் பிடித்தது. டாக்டரம்மா சொன்ன நான்கு மாதம் முடியப்போகிறது, காற்றும் போகப்போகிறாள். போகிறவள் வெறுங்கையோடு போவாளா? அவளுடையது என்று அவள் நம்புகிற பாதி முகத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனால், ஆனி வரையில் நான் எதைப் பார்த்து வாழ்வேன்? ஆனியில் திரும்பக் கொண்டுவருவாள் என்பதற்குத்தான் என்ன உறுதி? பூ போன கதையைச் சொல்லிக் கோலம்மை மைனியிடம் கேட்டேன். "குடுத்த பூவத் திருப்பிக் கேக்க முடியாதுட்டி. தங்கச்சின்னு நீ கூப்பிட்டும் பிரயோசனம் இல்ல. பொண்டாட்டிக்குத் தங்கச்சின்னா அவனுக்கு மச்சினி, உரிம இன்னும்லா கூடும்?" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு வழி தெரிந்தது.

கடைசி நாள் காலையில் என் கையால் கட்டிய செங்கற்களை என் கையால் பெயர்த்தேன். திண்டைக் கழுவி, இலை விரித்து, பச்சரிசியும் வளையலும் வைத்தேன். மஞ்சள் கயிற்றை அங்கே வைக்கவில்லை. பழைய தாலி கழுத்தில் இருக்கவே, புதுக் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மேற்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுதும் நின்றது. சுயம்பு பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்திருந்தான், பயணிகளும் வந்திருந்தார்கள், அவசரமாக வடசேரி போக வேண்டியவர்கள்கூட.

அவர் முதல் முடிச்சைப் போட்டார். கையை எடுத்தார். கயிற்றின் இரு நுனிகளும் என் பிடரியில் தொங்கின.

காற்று வரவில்லை. முருங்கையில் ஓர் இலை அசையவில்லை.

"கேளுட்டி" என்றாள் கோலம்மை மைனி, தணிந்த குரலில். "வாய்விட்டுக் கேளு. சும்மா இருந்தா யாரு வருவா?"

நான் திரும்பிப் பார்க்காமல் பேசினேன். பதினாறு ஆண்டுகளில் ஒரு பெண்ணிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

"அந்தப் பூவ எறிஞ்சது நானாக்கும். அவரு தந்ததில்ல. கோவத்துல எறிஞ்சேன், நீ நம்பிட்ட. ஒம் மேல தப்பில்ல. நான் கண்ண மூடி விடாத நாளெல்லாம் நீ மூடி விட்ட, நான் பாத்தேன். பொண்டாட்டி செய்யாதத ஒடப்பிறந்தவதான் செய்வா. அவருக்கு ஒடப்பிறந்தவ இல்ல. என் கல்யாணத்துல இந்த ரெண்டு முடிச்சும் அவசரத்துல போட்டது. அது இன்னும் முடிச்சாவே இல்ல. நீ வந்து போடு. போட்டுட்டு, ஒங்க அண்ணன் மொகத்த அவருக்கே குடுத்துட்டுப் போ. வருசாவருசம் வா. இந்த வீடு ஒனக்குப் பொறந்த வீடு."

வெகுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு பிச்சிப்பூ வாசம் வந்தது. என் பிடரி மயிர் சிலிர்த்தது. குளிர்ந்த விரல்கள் கயிற்று நுனிகளை எடுத்தன, தயங்கின, ஒருமுறை, என் கழுத்தை நெரிக்கவோ என்று நான் அஞ்சும்படியாக, இறுக்கி இழுத்தன. அந்த இறுக்கத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது: நான்கு மாதமும் நான் அவள்மேல் பட்ட பொறாமையை அவளும் என்மேல் பட்டிருக்கிறாள். பிறகு இழுப்பு தளர்ந்தது. ஒரு முடிச்சு விழுந்தது. இன்னொரு முடிச்சு விழுந்தது.

தெருவில் யாரோ குலவையிட்டார்கள். நான் திரும்பினேன். அவள் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். அவருடைய இடப்பக்கத்து முடி மட்டும் பறந்தது. முதலில் புருவம் ஏறியது. பிறகு நெற்றிச் சுருக்கம், நான்கு மாதமாக நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, மறு கரை போய்ச் சேர்ந்தது. பிறகு கன்னத்தில் குழி விழுந்தது. ஜன்னலைப் பார்த்து அல்ல; என்னைப் பார்த்து. திண்டில் வைத்த வளையல்கள் இல்லை. அவற்றின் இடத்தில், வாழைநாரில் கட்டிய பிச்சிப்பூச் சரம் ஒன்று, அன்று பறித்ததுபோல வாடாமல் கிடந்தது.

இது நடந்து பல ஆண்டுகள் ஆயின. முகம் முழுதாகத் திரும்பிற்று, ஒன்றைத் தவிர. அவர் சிரிக்கும்போதெல்லாம் இடக்கண் தானாக மூடிக்கொள்கிறது. டாக்டரம்மாவிடம் காட்டினோம். நரம்பு திரும்ப வளரும்போது, வாய்க்குப் போக வேண்டிய இழை வழி தவறிக் கண்ணுக்கும் போய்விடுவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். பஸ்ஸில் ஏறும் புதுப் பெண்கள் அவர் கண்ணடிப்பதாக எண்ணித் திடுக்கிடுவார்கள். சுயம்பு, "அது அவரு தங்கச்சி வேல" என்று விளக்கம் சொல்லுவான். அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் வீட்டில், என் எதிரில் அமர்ந்து, எனக்காக மட்டும் அவர் சிரிக்கையில், அந்த ஒரு கண் மெல்ல, மிக மெல்ல, யாரோ விரல் வைத்து இறக்குவதுபோல மூடுகிறது. திறந்த கண் என்னைப் பார்க்கிறது. மூடிய கண் எதைப் பார்க்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. ஆனி பிறந்தால் வளையல் வைக்கிறேன், கயிறு வைக்கிறேன். அவர் "தங்கச்சி, வந்தியா" என்கிறார். அவர் வாங்கி வந்த பிச்சியை நான் தலையில் இறுக முடிந்துகொண்டு, நாத்தனாரை வரவேற்க அவர் பக்கத்தில், அவருடைய இடப்பக்கத்தில், நிற்கிறேன்.